பக்கத்து நகருக்கு ஒரு நடைபாதை வேண்டுமா? மனு எழுதுமுன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு குடியிருப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு காம்பவுண்டு சுவரோ, முள்வேலியோ, பத்தடி வாய்க்காலோ இருக்கும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். ஆனால் போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிகளுக்கு ஓரமாக நடந்து, சுற்றித்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் எந்தப் புறநகரை எடுத்தாலும் இப்படி நாலைந்து இடம் தேறும். நடுவில் ஒரு வழி விட்டால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று கேட்டால்தான் பதில் வராது.

எங்கள் பகுதியில் அந்த வழியை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அலைச்சலில் தெரிந்துகொண்டது ஒன்று: மாநகராட்சியோ நகராட்சியோ, மன்றத்தில் நடக்கும் விவாதம் நடைபாதை நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி இருக்காது. நிலம் யாருடையது, ஒட்டியுள்ள வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளைத்தான் சுற்றி வரும். மூன்றுக்கும் காகிதம் கையில் இருந்தால் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடியும். ஒன்று குறைந்தாலும் ‘அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்’ என்று தள்ளிவிடுவார்கள். கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

1. நிலம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கையெழுத்து வாங்கக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நேரம் அதிகம் எடுப்பதும் இதுதான். நீங்கள் பாதை கேட்கும் அந்தத் துண்டு நிலம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த சாலை, அரசுப் புறம்போக்கு, அல்லது தனியார் பட்டா. எது என்பதைப் பொறுத்து நீங்கள் ஏற வேண்டிய அலுவலகமே மாறும்.

உங்கள் கிரயப் பத்திரத்திலுள்ள சர்வே எண்ணில் தொடங்குங்கள். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் புலப்படமும் (அந்தச் சர்வே எண் நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் வருவாய்ப் பதிவேடு) இலவசமாகக் கிடைக்கும். புலப்படத்தில் உங்கள் புலத்தைச் சுற்றி ஓரத்தில் பக்கத்துப் புலங்களின் எண்கள் எழுதியிருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் அந்தத் துண்டின் எண்ணுக்கு வந்துவிடலாம். அப்புறம் அந்த எண்ணுக்கு அ-பதிவேட்டைப் பாருங்கள். புறம்போக்கு என்றால் அதில் வகையோடு போட்டிருக்கும்: வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை என்று. நகர நில அளவை முடிந்த ஊர் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கொடுத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுக்க வேண்டும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் வராது.

அடுத்தது லேஅவுட் வரைபடம், அதாவது மனைப்பிரிவின் வரைபடம். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கும். உங்கள் நகருக்கும் பக்கத்து நகருக்கும் தனித்தனி வரைபடங்கள் உண்டு, இரண்டையும் எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஒரு வரைபடத்தில் 30 அடிச் சாலை எல்லைக்கோடு வரை வந்து நிற்கும். அதே இடத்தில் அடுத்த வரைபடத்திலும் ஒரு சாலை வந்து முட்டி நின்றால் உங்களுக்கு யோகம்தான். நடுவில் இருப்பது வெறும் சுவர் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய பொறிகள் சில.

தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருப்பார்கள், ஆனால் பட்டாவை மாற்றியிருக்க மாட்டார்கள். சாலை நிலம் இன்னும் பழைய உரிமையாளர் பேரிலேயே கிடக்கும். அவருடைய வாரிசுகள் ‘எங்கள் இடம்’ என்று வந்து நிற்பதும், ஒரு துண்டை விற்றுவிடுவதும் இப்படித்தான். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் லேஅவுட் ஒப்புதல் கிடைத்த ஆண்டிலிருந்து இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிட்ட நகலுக்குத்தான் பணம். உள்ளாட்சி பேருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். பட்டா மாறவில்லை என்றால், பெயர் மாற்றக் கேட்டு வட்டாட்சியருக்கு எழுத வேண்டியது உள்ளாட்சி அலுவலகம்தான். அதை உங்கள் மனுவிலேயே ஒரு கோரிக்கையாக வையுங்கள்.

சாலை எல்லை வரை வந்தது போலத் தெரியும், ஆனால் கடைசியில் ஓரடி நிலத்தை மட்டும் மனை போட்டவர் தன் பேரில் நிறுத்தி வைத்திருப்பார். பின்னால் வருகிறவர் வழி கேட்டால் விலை பேசலாம் என்ற கணக்கு. அந்த ஓரடி தனிப் பட்டா என்றால் அதைத் தானமாகவோ கிரயமாகவோ வாங்காமல் சுவரில் கை வைக்க முடியாது.

ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவு என்றால் மனை போட்டவர் அச்சடித்த வரைபடத்தைத் தவிர எதுவும் இருக்காது. அதில் சாலை என்று போட்டிருப்பது மட்டும் போதாது. ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி (2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு) அந்த லேஅவுட் வரன்முறை ஆகியிருக்கிறதா, சாலைகளை உள்ளாட்சிக்கு ஒப்படைத்தார்களா என்று பாருங்கள்.

வாய்க்கால் புறம்போக்கு நடுவில் வந்தால் வேலை இரட்டிப்பு. நீர்நிலையை அடைத்துப் பாதை போட யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது. தண்ணீர் ஓட்டம் தடைபடாமல் குறுக்கே சிறுபாலம் என்றுதான் கேட்க வேண்டும். நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள வாய்க்கால் என்றால் அவர்களுடைய தடையில்லாச் சான்று இல்லாமல் கோப்பு நகராது.

2. தகவல் உரிமை மனு போடுங்கள்

தானப் பத்திரத்தின் நகலும் லேஅவுட் வரைபடமும் வாய்வார்த்தையில் கேட்டால் கிடைக்காது. ‘ரெக்கார்டு ரூமில் தேடணும்’ என்பார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் கேட்டால் தேடித்தான் ஆக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். இணையத்திலும் போடலாம். பக்கம் ஒன்றுக்கு நகல் கட்டணம் 2 ரூபாய்.

ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். ‘இத்தனை வருஷமாக ஏன் பாதை போடவில்லை’ என்பது சட்டப்படி தகவல் ஆகாது என்று திருப்பி விடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

‘சர்வே எண் ___-இல் அமைந்த ___ நகர் மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபட நகல். அம்மனைப்பிரிவின் சாலைகள், பூங்கா ஆகியவற்றை உள்ளாட்சிக்கு ஒப்படைத்த தானப் பத்திரத்தின் நகல். உள்ளாட்சியின் சாலைப் பதிவேட்டில் ___ தெருவுக்கான பக்கத்தின் நகல், அதில் குறிப்பிட்டுள்ள நீளம், அகலம். மேற்படி தெருவின் முடிவிலுள்ள சுவருக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல்.’

கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. எங்களுக்கு அதற்கு வந்த பதில் ஒற்றை வரி: ‘கோப்பில் அவ்வாறான அனுமதி ஏதும் இல்லை.’ அதற்கு அப்புறம் அந்தச் சுவருக்காக எந்த அதிகாரியும் பேசவில்லை.

பதில் வர 30 நாள் கெடு. வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் வரை போனால் காலம் இழுக்கும். அதனால் ஒரே சமயத்தில் உள்ளாட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனி மனு போட்டுவிடுங்கள். ஒரு இடத்தில் இல்லாதது இன்னொரு இடத்தில் இருக்கும்.

3. எதிர்க்கப் போகிறவர்களிடம் நீங்களே முதலில் போங்கள்

பெரும்பாலானோர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே கவுன்சிலரிடம் ஓடுகிறார்கள். அதே வாரத்தில் எதிர்த் தரப்பும் அவரிடம் போகும். அவருக்கு இரண்டு பக்கமும் ஓட்டு உண்டு, அதனால் வாயே திறக்க மாட்டார்.

பாதையால் பலன் பெறுகிறவர்கள் நூறு வீட்டுக்காரர்கள் என்றால், சங்கடம் எல்லாம் முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்காரர்களுக்குத்தான். இத்தனை நாள் அவர்கள் வாசல் அமைதியாக இருந்தது. காரை நிறுத்த இடம், குழந்தைகள் விளையாட இடம் என்று அந்தச் சந்தே வீட்டின் நீட்சி ஆகிவிட்டிருக்கும். பூந்தொட்டி வைத்திருப்பார்கள், சில இடங்களில் செப்டிக் டேங்கே தெருவுக்கு அடியில் இருக்கும். அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேலி செய்யாதீர்கள். திருட்டு பயம், இரவில் குடித்துவிட்டு வருகிறவர்கள், குறுக்கே பறக்கும் பைக்குகள், குப்பை என்று நான்குக்கும் நியாயம் இருக்கிறது. நான்குக்கும் உங்கள் மனுவிலேயே விடை எழுதியிருக்க வேண்டும்: பாதையின் இரு முனையிலும் தெருவிளக்கு, வெளிச்சம் விழாத மூலை வராதபடி நேர்க்கோட்டுப் பாதை, வண்டி நுழையாமல் தடுப்புக் கம்பங்கள், தினசரி துப்புரவுப் பட்டியலில் அந்தச் சந்தின் பெயர்.

தடுப்புக் கம்பம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் ‘பைக் நுழையாத மாதிரி நெருக்கமா வச்சிடலாம்’ என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். பைக்கின் ஹேண்டில் அகலம் முக்கால் மீட்டர் சுமார், சக்கர நாற்காலியும் ஏறக்குறைய அதே அகலம்தான். பைக்கைத் தடுக்கும் இடைவெளி நாற்காலியையும் தடுத்துவிடும். நாற்காலியும் தள்ளுவண்டிக் குழந்தையும் போக 90 சென்டிமீட்டராவது விட வேண்டும், அதில் பைக்கும் நுழையும்தான். ஆனால் வேகமாகப் போக முடியாது. கம்பங்களை இரண்டு வரிசையாக, இடைவெளி ஒன்றுக்கொன்று நேராக வராமல் தள்ளி வைத்து, நாற்காலி திரும்புவதற்கு நடுவில் இடம் விட்டால் பைக்காரர்கள் இறங்கித் தள்ளித்தான் ஆக வேண்டும். இதைக் காகிதத்தில் ஒரு படமாக வரைந்து காட்டுங்கள். கடைசி வீட்டுக்காரரின் மனம் மாறுவது இந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான், வாதத்தைக் கேட்டு அல்ல.

இரவு பத்து முதல் காலை ஐந்து வரை பூட்டும் கேட் வைக்கலாமா என்று கேட்பார்கள். என் கருத்து: ஒப்புக்கொள்ளாதீர்கள். சாவி யாரிடம் என்பதில் அடுத்த சண்டை தொடங்கும். பொதுச்சாலையைப் பூட்ட எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஊர்களில் சுவர் நிற்பதற்குக் காரணம் திருட்டு பயம் அல்ல, சாதி. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008-இல் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது நாடே பார்த்த விஷயம். உங்கள் ஊரில் கதை அதுதான் என்றால் மன்றத்தில் மனுக்கொடுத்து வாக்கெடுப்புக்குக் காத்திருக்காதீர்கள். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் சாலையையோ வழியையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். நேரே மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் புகார் போக வேண்டும்.

4. மனு ஒரே பக்கம், இணைப்புகள் தனி

யாருக்கு எழுதுவது? மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், ஊராட்சி என்றால் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும். நகல் வார்டு கவுன்சிலருக்கும் உதவிப் பொறியாளருக்கும். கோரிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எங்கிருந்து எங்கே பாதை, எத்தனை மீட்டர், நிலம் எந்த வகை, எத்தனை குடும்பங்களுக்குப் பயன், இப்போது சுற்றும் தூரம் எவ்வளவு என்பதைச் சொன்னால் போதும்.

இணைக்க வேண்டியவை: புலப்படம், அ-பதிவேடு அல்லது நகர நில அளவை நகல், இரு லேஅவுட் வரைபடங்கள், தானப் பத்திர நகல், தகவல் உரிமைப் பதில், இடத்தின் புகைப்படங்கள், நீங்கள் வரைந்த படம், கதவு எண்ணோடு கையெழுத்துப் பட்டியல், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் கிடைத்தால் அதுவும். கையெழுத்து இரண்டு நகரிலிருந்தும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கையெழுத்து மட்டும் இருந்தால் ‘அவங்க நம்ம தெரு வழியா போக ஆசைப்படறாங்க’ என்று மற்ற பக்கம் கிளம்பிவிடும்.

குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்யப்பட்டிருந்தால் சங்கத்தின் தீர்மான நகலையும் சேருங்கள். சங்கமே இல்லை என்றால் இதற்காகத் தொடங்கிக்கொண்டிருக்க வேண்டாம், தனி நபர்களாகவே மனுக் கொடுக்கலாம்.

மனுவைப் பொறியாளர் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அந்தச் சீல்தான் நாளைக்கு ‘எங்களுக்கு மனு எதுவும் வரவில்லை’ என்ற பேச்சை நிறுத்தும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும், 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம். ஆனால் அவை சுற்றி வந்து அதே ஆணையர் மேசைக்குத்தான் திரும்பும். கோப்பு உறங்கினால் எழுப்பப் பயன்படும், அவ்வளவுதான்.

5. ஏரியா சபையில் பதிய வையுங்கள்

2022-இல் வந்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில் வார்டு குழுவும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபைகளும் உண்டு. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். ஏரியா சபைக் கூட்டங்களுக்கு ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கிராமம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பத்துப் பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் ஆமாம் போட்டால் போதும். முக்கியமானது பேச்சு அல்ல, கூட்டப் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை ஏறுவது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சாலை வசதி கோரினர்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் ‘இன்ன தெருவுக்கும் இன்ன தெருவுக்கும் இடையே நடைபாதை இணைப்பு’ என்று திருத்தச் சொல்லுங்கள்.

6. கள ஆய்வும் எஸ்டிமேட்டும்

உதவிப் பொறியாளர் அளவெடுக்க வரும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கூடவே நில எல்லை குறித்துச் சந்தேகம் இருந்தால் சர்வேயரும் வர வேண்டும். தனியார் இடத்தை அளக்கப் பட்டாதாரர் மனுப்போடலாம், பொதுப்பாதையை அளக்க உள்ளாட்சி அலுவலகம் வட்டாட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும். இந்தக் கடிதம் போனதா என்று விசாரிக்க மறந்தால் அதிலேயே மாதங்கள் ஓடும்.

எஸ்டிமேட்டில் இருக்க வேண்டியவை: நடக்கக்கூடிய தெளிவான அகலம் 1.8 மீட்டர் (இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டுதலில் உள்ள அளவு இது), நடைபாதையின் ஓரத் திட்டுகளின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஏற்ற இறக்கம் இருந்தால் 1:12 சரிவு. இரு பக்கத் தரைமட்டத்தில் அரை மீட்டர் வித்தியாசம் இருந்தால் சரிவுக்கே 6 மீட்டர் நீளம் வேண்டும். அதற்கு இடமில்லை என்று படி கட்டிவிடுவார்கள், வயதானவர்களுக்கு அந்தப் பாதை உதவாமல் போகும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் கேளுங்கள். சுவரை எடுத்ததும் மேட்டு நகரின் தண்ணீர் பள்ளத்து நகருக்குள் பாய்ந்தால் அடுத்த மழைக்கே பாதையை மூடச் சொல்லி ஆட்கள் வருவார்கள்.

தெளிவான அகலம் என்றால் நடுவில் மின்கம்பமோ அடிபம்போ இல்லாத அகலம். பாதைக்கு நட்டநடுவில் ஈ.பி. கம்பம் நின்றால் அதை நகர்த்த மின்வாரியத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை எஸ்டிமேட்டில் சேராவிட்டால் பாதை போட்ட பிறகும் கம்பம் அங்கேயே நிற்கும். இதை நம்மூரில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்.

7. பணம் எந்தத் தலைப்பில்?

நடைபாதைக்கு ஆகும் செலவு சாலைக்கு ஆகும் செலவில் ஒரு துளி. ஆனாலும் ‘நிதி இல்லை’ என்பார்கள். அப்போது நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கலாம். ஒன்று, உள்ளாட்சியின் பொது நிதி. சுலபம், ஆனால் கவுன்சிலர்களுக்குள் போட்டி. இரண்டு, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நிதியாண்டின் தொடக்கத்திலேயே பட்டியல் போய்விடும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கேட்க வேண்டும். மூன்று, நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதி அரசு. சின்ன வேலைக்கு இதுதான் வேகம் என்பது என் எண்ணம். ஆனால் வசூலை யார் கையில் வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

உங்கள் பாக்கெட்டிலிருந்து போவது நகல், வில்லை, பதிவுத் தபால், போக்குவரத்து என்று சில ஆயிரத்துக்குள் அடங்கும். யாராவது ‘ஃபைலை நகர்த்த’ என்று ஆரம்பித்தால் தகவல் உரிமை மனுவில் கோப்பின் இன்றைய நிலையைக் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே நகர்த்திவிடும்.

8. மன்றக் கூட்ட நாள்

மன்றம் மாதம் ஒருமுறை கூடும். உங்கள் கோரிக்கை ‘மன்றப் பொருள்’ ஆக அஜெண்டாவில் ஏற வேண்டும். கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்து வாயால் கேட்டால் மட்டும் போதாது. பொருளாக வைக்க ஆணையரின் அலுவலகக் குறிப்பும் எஸ்டிமேட்டும் தேவை. அதனால் கூட்டத்துக்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே கோப்பு எங்கே என்று பாருங்கள்.

நீங்கள் பார்வையாளராக உட்காரலாம், பேச முடியாது. உங்களுக்காகப் பேசப் போகிறவர் கையில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கட்டும்: சர்வே எண், தானப் பத்திர எண், சுவருக்கு அனுமதி இல்லை என்ற பதில், இரு பக்கக் கையெழுத்து எண்ணிக்கை. பாதை இரண்டு வார்டுகளை இணைத்தால் அடுத்த வார்டு கவுன்சிலரையும் பாருங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. எங்கள் கூட்டத்தில் முதல் எதிர்ப்பு கிளம்பியது ‘என்னைக் கேட்காமல் என் வார்டுக்குள் எப்படி?’ என்ற கேள்வியோடுதான். நடைபாதையைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

ஒரு பக்கம் நகராட்சி, மறுபக்கம் ஊராட்சி என்றால் இரு மன்றங்களிலும் தீர்மானம் வேண்டும். எல்லை வரை யார் போடுவது என்பதையும் தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மூன்று மீட்டர் மண்ணாகக் கிடக்கும்.

ஒத்திவைத்தால் சோர்ந்துவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் காகிதத்தை மட்டும் அடுத்த மாதத்துக்குள் கொடுங்கள். நிறைவேறினால் தீர்மான எண்ணும் நாளும் உள்ள நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. ஆக்கிரமிப்பும் வழக்கும்

புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வருவாய்த் துறைதான் நடவடிக்கை எடுக்க வேண்டும். முதலில் பிரிவு 7-இல் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு பிரிவு 6-இல் அகற்றும் உத்தரவு. இந்த வரிசை தவறினால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே அவசரப்பட்டு நீங்களாகவே கடப்பாறையோடு போய்விடாதீர்கள், அது உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

எதிர்த் தரப்பு தடையுத்தரவு வாங்கும் என்று தோன்றினால் உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனுப் போடலாம். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுக்க மாட்டார்கள். அது 90 நாள்தான் செல்லும், தேவையானால் புதுப்பிக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் வழக்கறிஞருக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

தனியார் பட்டா நிலம் வழியாக ஆண்டாண்டு காலமாக நடந்து வந்தீர்கள் என்றால் வசதியுரிமைச் சட்டம் 1882 உதவக்கூடும். தடையின்றி 20 ஆண்டு பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும், அதுவும் நீதிமன்றம் வழியாகத்தான். வருடக்கணக்கில் இழுக்கும் வேலை அது. முடிந்தவரை நிலத்துக்காரரோடு பேசித் தீர்ப்பதே மேல்.

10. தீர்மானத்துக்குப் பிறகு

தீர்மானம் வந்ததும் இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று நான்கு படிகள் இன்னும் இருக்கின்றன. 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வேலை என்றால் டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தருவது விதி. இடையில் தேர்தல் அறிவிப்பு வந்தால் நடத்தை விதிகளால் புதிய வேலை தொடங்காது, ஏற்கெனவே தொடங்கியது நடக்கும். எனவே தேர்தல் நெருங்கும் ஆண்டில் வேலை உத்தரவை முன்கூட்டியே வாங்கி, ஒரு நாள் குழியாவது தோண்ட வைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கான்கிரீட் வேலையை எதிர்பார்க்க வேண்டாம். நிலத் தகராறு இல்லாத இடத்திலும் மனுவிலிருந்து பாதை வரை ஓராண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது கையில் ஒரு டேப் இருக்கட்டும். 1.8 மீட்டர் எழுதிய இடத்தில் ஒன்றரை மீட்டர் போட்டுவிட்டுப் போவது சகஜம். கம்பங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையும் அப்போதே அளந்து, தவறு இருந்தால் சிமெண்ட் காயுமுன் பொறியாளருக்குப் படம் அனுப்புங்கள்.

பாதை முடிந்ததும் இன்னும் ஒரு மனு பாக்கி இருக்கிறது: புதிய பாதையைச் சாலைப் பதிவேட்டில் நீள அகலத்தோடு சேர்க்கவும், தெருவிளக்குகளுக்குக் கம்ப எண் போடவும் கேட்டு. பதிவேட்டில் ஏறாத பாதைக்கு பராமரிப்புப் பணம் ஒதுக்க வழியில்லை, எண் இல்லாத விளக்கு அணைந்தால் புகார் செய்யவும் முடியாது. இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை 10 ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்டு வாங்கி, மற்ற காகிதங்களோடு பத்திரமாக வையுங்கள்.